பன்னிரண்டு புள்ளி ஏழு நான்கு

முனிவேல் மெதுவாகப் பேசினால் விஷயம் மோசம் என்று அர்த்தம். அவர் லைன் சூப்பர்வைசர். கம்ப்ரசர் சத்தத்தையும் மீறிக் கத்திப் பழகிய தொண்டை. அப்படிப்பட்டவர் புதன்கிழமை பன்னிரண்டரை மணிக்கு ரூபாவின் மேசையருகே வந்து, குனிந்து, பக்கத்து நாற்காலிக்குக்கூடக் கேட்காதபடி சொன்னார். திங்கட்கிழமை முதல் ஷிப்டில் 417ஆம் நம்பர் போட்டு ஒட்டிய டேக் அத்தனைக்கும் பட்டியல் வேண்டும், குவாலிட்டி மேடம் கேட்கிறார் என்றார்.

417 ரங்கம்மாவின் நம்பர். ரங்கம்மா ரூபாவின் அம்மா.

இது முனிவேலுக்குத் தெரியும். கெலவரப்பள்ளிப் பக்கமிருந்து வரும் கம்பெனி பஸ்ஸில் ஏறுகிற எல்லோருக்கும் தெரியும். ஆபீஸ்காரர்களுக்கு மட்டும் தெரியாது. மகள் கம்ப்யூட்டர் பிரிவில் டிரெய்னியாகச் சேர்ந்த அன்றே, கேட்டுக்கு வெளியே நிறுத்தி ரங்கம்மா சட்டம் போட்டுவிட்டாள்: உள்ளே போனால் நான் உனக்கு அம்மா இல்லை, நீ எனக்கு மேடம். காண்ட்ராக்ட் ஆளின் பெண் என்று தெரிந்தால் மகளையும் அதே கண்ணால்தான் பார்ப்பார்கள் என்று அவள் நினைத்தாள். அப்படி நினைத்ததில் தப்பு ஒன்றும் இல்லை. அந்தக் கம்பெனியில் யூனிபார்ம் கலரைப் பார்த்துத்தான் நாற்காலியே போடுவார்கள்.

ஓசூர் சிப்காட்டில் இருக்கும் அந்தக் கம்பெனி பைக் பிரேக்குக்கு சிலிண்டர் செய்கிறது. ஒரு அலுமினியத் துண்டு, நடுவே ஒரு துளை. பிரேக்கைப் பிடித்தால் துளைக்குள் எண்ணெய் அழுந்தி வண்டியை நிறுத்த வேண்டும். துளை ஒரு மயிரிழை பெரிதானாலும் எண்ணெய் கசியும், பிரேக் பிடிக்காது. அத்திப்பள்ளி தாண்டி இருக்கும் பைக் கம்பெனிக்கு இவை லாரியில் போகின்றன. அவர்கள் பத்தில் ஒன்றை எடுத்துச் சோதிப்பார்கள். மீதி ஒன்பதும் நேராக வண்டியில் ஏறிவிடும். திங்கட்கிழமை முதல் ஷிப்ட் பெட்டியை அன்று காலை சோதித்ததில் நான்கு கசிந்திருக்கின்றன. நான்கிலும் 417ஆம் நம்பர் டேக்.

ரங்கம்மாவிடம் விளக்கக் கடிதம் வாங்கியாகிவிட்டது, மூன்று மணிக்கு ஷிப்ட் முடிந்ததும் கேட் பாஸைத் திருப்பி வாங்கிவிடுவார்கள் என்றார் முனிவேல்.

"ஒரே நல்ல பீஸை மறுக்கா மறுக்கா அளந்து டேக் அடிச்சி, மத்ததுல ஒட்டிட்டாங்கன்னு மேடம் நெனைக்குறாங்க. நான் என்னா பாப்பா சொல்றது? அப்படிச் செய்யுற ஆளுங்களும் இருக்கத்தானே இருக்காங்க."

இருக்கிறார்கள்தான். மணிக்கு இத்தனை பீஸ் என்று டார்கெட் வைத்துக் கழுத்தைப் பிடித்தால், சிலர் அந்த வேலையைச் செய்வார்கள். ஆனால் ரங்கம்மா செய்ய மாட்டாள். வீட்டில் அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாலே அரை நாள் ஆக்குகிறவள் அவள்.

ரூபாவுக்கு முதலில் வந்தது கோபம். பட்டியலை எடுத்தே காட்டுகிறேன், பீஸுக்குப் பீஸ் அளவு வேறு வேறாக இருக்கும், ஒரே பீஸை அளக்கவில்லை என்று தெரிந்துவிடும் என்று வேகமாக விசைகளைத் தட்டினாள். பட்டியல் திரையில் இறங்கியது, துளையின் அகலம் மில்லிமீட்டரில். 12.73. 12.74. 12.74. 12.74. 12.73. அதற்குக் கீழே வரிசையாகப் பதினொரு 12.74.

இந்தக் காகிதம் மேடம் கைக்குப் போனால் அம்மாவைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்த மாதிரிதான். தான் முடுக்கிய பிரிண்டரை அவளே எழுந்து போய் நிறுத்தினாள்.

அப்புறம் ஒரு சந்தேகத்தில், செவ்வாய்க்கிழமை இரண்டாவது ஷிப்டை எடுத்துப் பார்த்தாள். அதில் வேறு ஆள், வேறு நம்பர். அங்கேயும் 12.74 கும்பல் கும்பலாக நின்றது. மூன்றாவது ஷிப்டிலும் அப்படித்தான். சனிக்கிழமைக்கு முன்னால் போய்ப் பார்த்தாள். ஷிப்டுக்கு ஏழெட்டு 12.75 இருந்தது, எல்லாம் சிவப்பு, எல்லாம் கழித்துப் போட்டவை. திங்கட்கிழமையிலிருந்து ஒரு 12.75கூட இல்லை. கழிவே இல்லாத கம்பெனியாக மூன்று நாளில் மாறிவிட்டதா என்ன? சந்தேகம் மெஷின் பக்கம் போகவில்லை, அம்மா பக்கமும் போகவில்லை. நேராகத் தன் பக்கமே திரும்பியது. சனிக்கிழமை சாயங்காலம் ஞாபகம் வந்தது.

அதைச் சொல்ல வேண்டுமென்றால் டிஸ்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். அந்தக் கம்பெனியில் ஐந்து புரோகிராம்கள் ஓடுகின்றன: துளையை அளந்து பச்சை சிவப்புக் காட்டும் கேஜ் ஸ்கிரீன், உற்பத்தி போர்டு, வருகைப் பதிவு, கேன்டீன் டோக்கன், டிஸ்பாட்ச். ஐந்தும் ஜாவாஸ்கிரிப்ட் மொழியில் எழுதியவை. அதில் எழுதுகிறவர்களுக்கு ஒரு குணம், எதையும் தானே செய்ய மாட்டார்கள், வேறு யாரோ எழுதி வைத்த பேக்கேஜை இறக்கிக்கொள்வார்கள். தேதி போட ஒரு பேக்கேஜ், புள்ளிக்குப் பின்னால் நீளும் எண்ணை முழுமையாக்க ஒரு பேக்கேஜ், அந்தப் பேக்கேஜுக்குத் துணையாக இன்னும் நாற்பது பேக்கேஜ். ஒவ்வொரு புரோகிராமும் அத்தனையையும் தனித்தனியாக இறக்கித் தன் ஃபோல்டரில் கொட்டி வைத்துக்கொள்ளும். கம்ப்ரசர் ரூம் சுவரோரம் தூசி தின்றுகொண்டிருந்த பழைய கம்ப்யூட்டரின் டிஸ்க் ரொம்பச் சின்னது. பிப்ரவரியில் அது நிரம்பி, கேஜ் ஸ்கிரீன் நாற்பது நிமிடம் செத்துப்போய், லைனே நின்றது.

ரூபாதான் வழி கண்டுபிடித்தாள். பேக்கேஜ்களை இறக்கி வைக்கும் வேலைக்கு, பேக்கேஜ் மேனேஜர் என்கிற வேறொரு புரோகிராமைக் கொண்டுவந்தாள். அது ஒவ்வொரு கோப்பையும் டிஸ்கில் ஒரே ஒரு தடவை, ஒரு பொது இடத்தில் வைக்கும். ஐந்து ஃபோல்டரிலும் அந்தக் கோப்பு இருப்பதாகத் தெரியும், திறந்தால் திறக்கும். ஆனால் ஐந்தும் அந்த ஒன்றேதான். வழிந்துகொண்டிருந்த டிஸ்க் மூன்றில் ஒரு பங்குக்கு இறங்கிவிட்டது. காலை மீட்டிங்கில் பிளாண்ட் மேனேஜர் அவள் பேரைச் சொல்லிப் பாராட்டினார். அன்றைக்குப் பஸ்ஸில் ரங்கம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்குகிற வரைக்கும் தனக்குத்தானே சிரித்துக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை அதே பிளாண்ட் மேனேஜருக்கு ஒரு கவலை வந்தது. உற்பத்தி 99.6 சதவீதம் இருந்தால் போர்டு அதை நூறு என்று காட்டுகிறது. திங்கட்கிழமை ஆடிட்டுக்கு வருகிறவர்கள் நூறைப் பார்த்தால் நம்ப மாட்டார்கள், 99 என்றே இருக்கட்டும் என்றார். அது நேர்மையா பயமா என்பது அவருக்கே வெளிச்சம். முறையாகத் திருத்த வேண்டுமானால் போர்டு புரோகிராமில் ஏழு இடங்களில் கை வைக்க வேண்டும். பஸ்ஸோ ஐந்தரைக்கு. ரூபா போர்டின் ஃபோல்டருக்குள் புகுந்து, எண்ணை முழுமையாக்கும் பேக்கேஜின் கோப்பையே திறந்து ஒரு வரியை மாற்றிவிட்டாள். மிச்சத்தை மேலே ஏற்றாதே, வெட்டிப் போடு, அவ்வளவுதான். அந்த ஃபோல்டருக்குள் கை வைக்கக் கூடாது என்று எல்லோருக்கும் தெரியும். அவசரத்துக்கு எல்லோரும் வைப்பார்கள். பழைய முறையில் அதனால் கெட்டால் அந்த ஒரு புரோகிராம்தான் கெடும். புதிய முறையைக் கொண்டுவந்தவள் அவளேதான், ஆனால் அவள் கைக்குப் பழைய பழக்கம் போகவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பராமரிப்புக்காகக் கரண்ட்டை நிறுத்தினார்கள். திங்கட்கிழமை காலையில் எல்லாம் புதிதாக எழுந்தபோது, கேஜ் புரோகிராமும் அதே கோப்பைப் புதிதாகப் படித்துக்கொண்டது. முன்பெல்லாம் 12.746 என்று அளந்தால் ஸ்கிரீன் அதை 12.75 ஆக்கிச் சிவப்புக் காட்டும். இப்போது கடைசி ஆறை வெட்டிப் போட்டு 12.74 என்று பச்சை காட்டியது. 12.74 வரைக்கும் பச்சை. பச்சை வந்தால் டேக் தானாக அச்சாகி வெளியே வரும். மூன்றாவது இலக்கம் எங்கேயும் சேமிப்பில் இல்லை. டிஸ்கில் இடம் மிச்சம் பிடிக்க அதையும் அவளே நிறுத்தியிருந்தாள்.

கேஜ் புரோகிராமின் ஃபோல்டரைத் திறந்தாள். அவள் அந்தப் பக்கம் போயே இரண்டு மாதம் ஆகிறது. எண்ணை முழுமையாக்கும் கோப்புக்குள், அவள் மாற்றிய வரிக்கு மேலே, அவளே எழுதிய குறிப்பு உட்கார்ந்திருந்தது: ரூபா, தற்காலிகம். பொது இடத்தில் உள்ள கோப்புகளை யாராவது கெடுத்திருக்கிறார்களா என்று பார்க்க ஒரு கட்டளை உண்டு. அதையும் ஓட்டினாள். அந்தக் கோப்பின் பேர் மட்டும் வந்தது.

சரி செய்ய இரண்டு நிமிடம் போதும். பேக்கேஜைப் புதிதாக இறக்கி, கேஜை ஒரு தடவை நிறுத்தி எழுப்பினால் முடிந்தது. குறிப்பும் போய்விடும், தடயமும் போய்விடும். வெள்ளிக்கிழமை அவளுக்குப் பர்மனென்ட் ஆர்டர் வருவதாக ஹெச்.ஆரில் சொல்லியிருந்தார்கள். அவர்கள் வம்சத்திலேயே மாதச் சம்பளத்துக்கு உத்தரவுக் கடிதம் வாங்கப் போகிற முதல் ஆள் அவள். விரல் விசையின் மேலேயே இருந்தது. அசிங்கமாகத்தான் இருந்தது, ஆனாலும் ஒரு நிமிடம் முழுக்க அவள் அதை யோசித்தாள். மறைத்தால் யாருக்கும் தெரியப்போவதில்லை.

அவளைத் தடுத்தது நல்ல மனசு என்று சொல்ல முடியாது, பயம்தான். தப்பு 417 மேல் நின்றுவிட்டால், 417 டேக் போட்ட பீஸை மட்டும்தான் திரும்ப அழைப்பார்கள். இரண்டாவது ஷிப்ட், மூன்றாவது ஷிப்ட் பீஸையெல்லாம் யாரும் தொட மாட்டார்கள். அவை வண்டியில் ஏறும், வண்டி ரோட்டில் ஏறும். பன்னிரண்டு மணிக்குத்தான் ஒரு லாரி அந்த லோடோடு கிளம்பிப் போயிருந்தது.

அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போகலாம் என்று ஷாப் ஃப்ளோருக்கு ஓடினாள். கேஜ் மேசையில் வேறொரு பெண் உட்கார்ந்திருந்தாள். ரங்கம்மாவைப் பாக்கிங் ஓரத்தில் அட்டைப்பெட்டி மடிக்கப் போட்டிருந்தார்கள். மகள் வருவதைப் பார்த்ததும் யாராவது கவனிக்கிறார்களா என்று சுற்றிலும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, கையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டாள். ரூபா சொல்லி முடிக்கிற வரை குறுக்கே பேசவில்லை.

"நான் எழுதிக் குடுத்துட்டேன் பாப்பா. அளக்காம ஒட்டிட்டேன்னு முனிவேலு எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டுட்டேன். முடிஞ்சி போச்சு."

"நீ அளக்காமயா ஒட்டின?"

"அதெல்லாம் எதுக்கு இப்ப? எனக்கு இந்தக் கம்பெனி இல்லைன்னா போச்சம்பள்ளியில இன்னொண்ணு. அட்டை மடிக்கத் தெரிஞ்சா எங்கியும் சேத்துக்குவாங்க. உனக்கு அப்படியா? வெள்ளிக்கெழம வரைக்கும் வாய மூடிக்கினு இரு."

ரூபா மற்ற ஷிப்ட் பீஸ்களைப் பற்றிச் சொன்னாள். லாரியைப் பற்றிச் சொன்னாள். ரங்கம்மாவின் கை அப்போதுதான் நின்றது. போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. மறுபடி மடிக்க ஆரம்பித்தாள்.

குவாலிட்டி மேனேஜர் சுஜாதா கெட்ட பெண்மணி இல்லை. ஆனால் தொழிற்சாலைக் கம்ப்யூட்டர் தப்புச் செய்யும் என்பதை அவ்வளவு சுலபத்தில் ஒப்புக்கொள்கிற ஆளும் இல்லை. போர்டில் செய்த திருத்தம் கேஜை எப்படிக் கெடுக்கும் என்று கேட்டார். இரண்டும் வேறு வேறு ஃபோல்டர்தானே என்றார். நியாயமான கேள்வி. ஐந்து வீட்டுக் குழாய்க்கும் மாடியில் ஒரே டேங்க் என்று வைத்துக்கொள்ளுங்கள் மேடம், நான் ஒரு வீட்டில் நின்றுகொண்டு டேங்க்கில் மருந்தைக் கலந்துவிட்டேன் என்றாள் ரூபா. சுஜாதா நம்பவில்லை. அந்த ஆபரேட்டருக்காக நீ எதற்கு இவ்வளவு பாடுபடுகிறாய் என்று கேட்டார்.

"அது எங்கம்மா மேடம். அதுக்காகத்தான் பொய் சொல்றேன்னு நெனைக்காதீங்க. வாங்க, உங்க கண்ணு முன்னாலயே காட்டுறேன்."

காட்டினாள். போர்டின் ஃபோல்டரில் அந்தக் கோப்பைத் திறந்து சுஜாதாவின் பேரைக் குறிப்பில் தட்டினாள். பிறகு கேன்டீன் டோக்கனின் ஃபோல்டரைத் திறந்தாள். அங்கேயும் சுஜாதாவின் பேர் இருந்தது. கேஜின் ஃபோல்டரிலும் இருந்தது. சுஜாதா நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, எத்தனை ஷிப்ட் என்று மட்டும் கேட்டார். நடப்பதையும் சேர்த்தால் ஏழு என்றாள் ரூபா.

அதன் பிறகு நடந்ததெல்லாம் ஓட்டம். லைன் நின்றது. சுஜாதா பைக் கம்பெனியைக் கூப்பிட்டு, திங்கட்கிழமை முதல் அனுப்பிய பெட்டி ஒன்றையும் பிரிக்காதீர்கள் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னார். அவர்கள் ஸ்டோரைப் பார்த்துச் சொல்கிறோம் என்று போனிலேயே காத்திருக்க வைத்தார்கள். லாரி டிரைவர் சென்றாயனுக்குப் போன் போட்டால், ஸ்விட்ச் ஆஃப். முனிவேல் பைக்கை எடுத்துக்கொண்டு ஜூஜுவாடிப் பக்கம் பறந்தார். கர்நாடக பார்டரில் லாரி வரிசை வழக்கம்போல நின்றிருந்தால் பிடித்துவிடலாம். என்றைக்காவது ஒரு நாள் வரிசையே இல்லாமல் போகுமே, அது இன்றைக்காக இருந்துவிட்டால்?

ரூபா நின்ற இடத்திலேயே நின்றாள். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை, அவளுக்கும் உட்காரத் தோன்றவில்லை. யாரோ ஒருவன் புது பைக்கில், பின்னால் பெண்டாட்டியை உட்கார வைத்துக்கொண்டு, கிருஷ்ணகிரி மேம்பாலத்திலிருந்து சரிவில் இறங்குகிற மாதிரியே கண்முன் வந்துகொண்டிருந்தது. பிரேக்கைப் பிடிக்கிறான். அதற்கு மேல் யோசிக்க முடியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. மறுபடி பார்த்தபோது ஒன்று ஐம்பத்திரண்டு.

இரண்டேகாலுக்கு முனிவேலின் போன் வந்தது. இந்தத் தடவை கத்தினார். கேட்கவே நன்றாக இருந்தது. சென்றாயன் பார்டருக்கு இந்தப் பக்கமே ஓட்டலில் லாரியை நிறுத்திவிட்டு, போனைச் சார்ஜில் போட்டுவிட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தானாம். கொஞ்ச நேரத்தில் பைக் கம்பெனியிலிருந்தும் சொன்னார்கள். திங்கட்கிழமை லோடில் இரண்டு பெட்டி லைனுக்குப் போயிருக்கிறது, வண்டிகள் இன்னும் யார்டில்தான் நிற்கின்றன, கழற்றி அனுப்புகிறோம், செலவு உங்களுடையது என்றார்கள்.

சுஜாதா போனை வைத்தார். வெள்ளிக்கிழமை ஆர்டரைப் பற்றி இப்போது என்னிடம் எதுவும் கேட்காதே, பிளாண்ட் மேனேஜர் என்ன சொல்கிறாரோ அதுதான் என்றார். ரூபா கேட்கவில்லை. என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் இவ்வளவு நேரம் நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிவிட்டது. அம்மாவாவது தப்பித்தாள் என்று நினைத்தாள்.

சுஜாதா ரங்கம்மாவை அறைக்கு வரவழைத்தார். வாசலிலேயே நின்றவளை உள்ளே கூப்பிட்டு, நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னார். ரங்கம்மா உட்காரவில்லை. சுஜாதா மேசை மேல் கிடந்த விளக்கக் கடிதத்தை எடுத்து அவளிடம் நீட்டி, ஸ்கிரீனில்தான் கோளாறு, உங்கள் மேல் தப்பில்லை, செய்யாததைச் செய்ததாக எழுதிக் கொடுக்கலாமா, இதை நீங்களே கிழித்துப் போட்டுவிடுங்கள் என்றார். ரங்கம்மா கையை நீட்டவில்லை.

"அதுல எழுதியிருக்குறது பொய்யிதாங்க மேடம். ஒவ்வொண்ணையும் அளந்துதான் ஒட்டினேன். ஆனா எம்மேல தப்பு இருக்குதுங்க."

என்ன தப்பு என்று சுஜாதா கேட்டார்.

"திங்கக்கெழம காத்தாலயே கையில தெரிஞ்சிபோச்சு. கேஜுல மாட்டுறப்ப நல்ல பீஸு இறுக்கமா உக்காரும். அன்னைக்குச் சிலது லொடலொடன்னு உக்காந்துச்சு. நாலு வருசமா அளக்குறேன், எனக்குத் தெரியாதுங்களா."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?" சுஜாதாவின் குரல் உயர்ந்துவிட்டது.

ரங்கம்மா அந்த அறையில் முதல் தடவையாக மகளைப் பார்த்தாள். கோபமாகப் பார்க்கவில்லை. செய்யக் கூடாததைச் செய்துவிட்டு மாட்டிக்கொண்டவள்போலக் கூச்சமாகப் பார்த்தாள்.

"ஸ்கிரீனு பச்சை காட்டுச்சுங்க மேடம். அது எம் பொண்ணு செஞ்ச ஸ்கிரீனு. நானு படிக்காதவ. அது தப்பா காட்டும்னு எனக்கு எப்படித் தோணும்? வயசாயிட்டுது, எங்கைதான் கெட்டுப்போச்சுன்னு நெனைச்சுக்கினேன்."

கடிதம் சுஜாதாவின் கையிலேயே இருந்தது. அவ்வளவு நேரமும் அழாத ரூபா, அப்போதுதான் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதாள்.